டீசல் என்ஜினுக்குள் ஹைட்ரஜன்: புகை எவ்வளவு குறையும்?

[திரையில்: சிலிண்டரின் குறுக்குவெட்டு. பிஸ்டன் மேலே ஏறுகிறது.]

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் அழுத்த அழுத்தக் காற்று சூடாகும். அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜன் அவ்வளவு சுலபத்தில் பற்றாது. அதற்கு 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் வேண்டும். அதனால் கொஞ்சம் டீசலைத் தீ மூட்ட மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். மூட்டிவிட்டால் போதும், ஹைட்ரஜன் மளமளவென்று எரிந்துவிடும்.

ஹைட்ரஜனில் கார்பன் இல்லை. ஆகவே அது டீசலின் இடத்தைப் பிடிக்கப் பிடிக்கக் கரியமில வாயு குறையும், கரும்புகையும் குறையும்.

[திரையில்: சிலிண்டருக்குள் வெப்பம் கூடுவது சிவப்பாகத் தெரிகிறது.]

சரி, சிக்கல் எங்கே? சூட்டில். வெப்பம் மிஞ்சினால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து, நுரையீரலைப் பாதிக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளாகிவிடும். காற்று வரும் குழாயிலேயே ஹைட்ரஜனைக் கலப்பது எளிய வழிதான். ஆனால் அது காற்றின் இடத்தை அடைத்துக்கொள்ளும், நேரம் வருமுன்னே பற்றியும்விடலாம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹைட்ரஜனை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே செலுத்தினார்கள். அதுவும் ஒரே சீராகக் கலக்கவிடாமல், சில பகுதிகளில் அடர்த்தியாகவும் சில பகுதிகளில் மெலிதாகவும். 2022இல் வெளியான முடிவின்படி, எரிபொருளில் 90 சதவீதம் ஹைட்ரஜன். கரியமில வாயு 85 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நைட்ரஜன் ஆக்சைடும் வெறும் டீசலில் வருவதைவிடக் குறைந்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம், பழைய என்ஜினைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்பதுதான்.

[திரையில்: 1 கிலோ ஹைட்ரஜன் = சுமார் 3.3 லிட்டர் டீசல்]

இப்போது எல்லோரும் தாண்டிப்போகும் கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜன் தரும் ஆற்றல் சுமார் 3.3 லிட்டர் டீசலுக்குச் சமம். அவ்வளவு டீசல் எரிந்தால் ஏறக்குறைய 9 கிலோ கரியமில வாயு வரும். ஆனால் இயற்கை எரிவாயுவிலிருந்து அதே ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தயாரிக்கும்போதும் கிட்டத்தட்ட 9 முதல் 10 கிலோ வந்துவிடுகிறது! வண்டியின் குழாயிலிருந்து புகை தொழிற்சாலைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்தால்தான் உண்மையான குறைவு. அதற்குக் கிலோவுக்கு 50 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் தேவை.

அப்புறம், வண்டியிலேயே தண்ணீரைப் பிரித்து டீசலை மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் கருவிகள். அவற்றுக்கு மின்சாரம் தருவது அதே என்ஜின் சுழற்றும் ஆல்டர்னேட்டர். செலவாகும் டீசலை அந்த ஹைட்ரஜன் ஈடுகட்டாது. தயவுசெய்து அவற்றில் பணம் போடாதீர்கள்.