குழலுக்குள் படியும் ஈரம்

நேயர்களுக்கு வணக்கம். கிளாரினெட், ஓபோ, சாக்சபோன் போன்ற, ரீட் என்னும் மெல்லிய நாணல் தகடு அதிர்வதால் ஒலிக்கும் கருவிகளை வாசித்து முடித்ததும் அடியிலிருந்து சொட்டும் நீரை எச்சில் என்றே பலரும் சொல்கிறார்கள். எச்சிலும் அதில் ஓரளவு உண்டுதான். ஆனால் பெரும்பகுதி, நீராவியைச் சுமந்து வெதுவெதுப்பாக வெளிவரும் நம் மூச்சு, குளிர்ந்திருக்கும் உட்சுவரில் பட்டு நீராக மாறிப் படிந்ததே. எனவே எச்சிலை அடக்கிக்கொண்டு ஊதுவதால் இது நின்றுவிடப்போவதில்லை. தொடங்குவதற்கு முன் கருவியைச் சற்று நேரம் கைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டால் குறையும்.

இந்த நீருக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை ஓடிய தடத்திலேயே மறுமுறையும் ஓடும். அந்தத் தடம் ஒரு விரல்துளையில் போய் முடிந்தால், அந்த ஒரு சுரம் மட்டும் கொப்பளிப்பதுபோலக் கலங்கி ஒலிக்கும். வாசிப்பவர் தன் உதட்டைத்தான் முதலில் சந்தேகிப்பார். பசையில்லாத சிகரெட் தாளை, துளையை மூடும் மெத்தை போன்ற பேடுக்கும் துளைக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்தி, பேடைத் தூக்கியபின் தாளை எடுத்தால் ஈரம் ஒற்றிக்கொண்டு வந்துவிடும். மூடிய நிலையில் தாளை இழுத்தால் பேடின் மெல்லிய தோல் கிழியும். வாசிப்பின் இடையிடையே துணியை உள்ளே விட்டு இழுப்பது அந்தத் தடத்தையே அழித்துவிடும்.

மரக் கருவிகளில் கவலை இன்னும் பெரிது. வெளிப்புறம் குளிர்ந்திருக்கையில் உட்புறம் மட்டும் சூட்டாலும் ஈரத்தாலும் விரிந்தால், குழலின் மேல்துண்டில் விரிசல் விழக்கூடும். புதிய கிளாரினெட்டை முதல் சில வாரங்கள் நாளொன்றுக்குச் சிறிது நேரமே வாசித்துப் பழக்குவது இதனால்தான்.

ரீடுக்கு வருவோம். அருண்டோ டோனாக்ஸ் என்னும் நாணலிலிருந்து சீவப்படும் இதன் நுனி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனமே இருக்கும். ஈரம் இதற்குப் பகையன்று. நனையாத ரீட் சரியாக அதிராது. ஒரு பக்கம் உலர்ந்து மறுபக்கம் ஈரமாகவே இருப்பதுதான் பகை. அலுப்பில் ஓர் இரவு ரீடை, அது பொருத்தப்படும் வாய்ப்பகுதியான மவுத்பீஸிலேயே விட்டுவிட்டு உறங்கியிருக்கிறேன். காலையில் அதன் நுனி நெளிநெளியாக நின்றது. தட்டையான பக்கம் மவுத்பீஸோடு ஒட்டிக் காற்றுப்படாமல் இருக்க, மேல்பக்கம் மட்டும் காய்ந்ததன் விளைவு அது.

வாசித்ததும் ரீடைக் கழற்றி, தூய நீரில் அலசி, அடியிலிருந்து நுனியை நோக்கி மட்டும் விரலால் துடைத்து, தட்டையான பரப்புள்ள, சிறிது காற்றோட்டமுள்ள பெட்டியில் வைப்பது நல்லது. ஈரத்தோடு இறுக மூடினால் பூஞ்சை பிடிக்கும். அப்படிப் பிடித்ததை வாயில் வைக்கவே கூடாது. ஒரே ரீடை நாள்தோறும் வதைக்காமல் மூன்று நான்கை மாற்றி மாற்றி வாசித்தால் ஒவ்வொன்றும் முழுதாக உலர அவகாசம் கிடைக்கும்.

நெளிந்த ரீடை உடனே எறிந்துவிட வேண்டியதில்லை. சில நிமிடங்கள் நீரில் ஊறவிட்டு, கண்ணாடித் தகட்டின்மீது தட்டைப் பக்கம் படிய விரலால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் நேராகிவிடும்; அன்று என்னுடையதும் நேரானது.