மத்தி டப்பா கம்பெனிக்கு மூன்று மாசம் பூட்டு… கடலுக்குள்ளே 45 நாள் பயிர்!

[திரையில்: ஓடாமல் நிற்கும் கன்வேயர் பெல்ட்]

உங்கள் கம்பெனி வருஷா வருஷம் மூன்று மாசம் நிற்கப் போகிறது. தேதி முன்கூட்டியே தெரியும். அதற்குள் விதைத்து, அறுத்து, காசாக்கி முடித்துவிட வேண்டும். என்ன பயிர் போடுவீர்கள்?

நெல்லா? குறுகிய கால ரகங்களே பெரும்பாலும் நூறு நாளைத் தாண்டிவிடும். ஆடா? அது குட்டி போடவே ஐந்து மாசம். கதிர் வருவதற்குள் கம்பெனியில் சங்கு ஊதிவிடுவான்.

சரி, யாருக்கு இந்தத் தலைவலி என்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸின் தென்மேற்கில் சாம்போவாங்கா நகரம். அந்த நாட்டின் மத்தி டப்பாக்களில் பெரும்பாலானவை இங்கேதான் அடைக்கப்படுகின்றன. அங்கே பிடிபடுவது தம்பன் என்கிற மீன், நம்ம மத்திக்குப் பங்காளி. முட்டையிடும் பருவத்திலும் சுருக்குமடி போட்டு அள்ளினால் அடுத்த வருஷம் வலையில் தண்ணீர்தான் வரும் என்று 2011-இல் தடைக்காலம் கொண்டுவந்தார்கள். முதலில் டிசம்பர் 1 முதல் மார்ச் 1 வரை, பிறகு நவம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை. மீனுக்கு நல்லது. மீன் வரத்து நின்றால் டப்பா அடைக்கிறவருக்கு? அரசு சில நாள் கூலி வேலை தருவதுண்டு. அதை வைத்து மூன்று மாசம் ஓட்ட முடியாது.

இப்போது பயிருக்கு வருவோம். கடல்பாசி! பெயர் கப்பாபைகஸ் அல்வரெஸி. ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் இப்போதே சிரிப்பார்கள்: “அட, நம்ம பெப்சி பாசி!” அதேதான். 1960-களில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி பிலிப்பைன்ஸ் கடலில் இதை வளர்த்துப் பார்க்க ஆரம்பித்தார். அந்த வேலையில் கூட இருந்த விசென்டே அல்வரெஸ் பெயரைத்தான் 1985-இல் பாசிக்கு வைத்தார். பாசிக்குத் தன் பெயரை வைத்துக்கொள்ளாத விஞ்ஞானி, எனக்கு அதுவே பிடித்திருந்தது.

விதை கிடையாது. ஒரு கொத்தை ஒடித்துக் கயிற்றில் கட்டினால் அதுதான் நாற்று. உரம் இல்லை, பாசனம் இல்லை. கயிறு மிதக்கக் காலி பாட்டில் போதும். சுமார் 100 கிராம் கொத்து, தண்ணீர் தோதாக இருந்தால், 45 நாளில் ஒரு கிலோ அளவுக்கு வரும். மூன்று மாசத்தை 45-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டு அறுப்பு! யாரோ காலண்டரைப் பார்த்துத் தைத்துக் கொடுத்த சட்டை மாதிரி இருக்கிறது. நம் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலமோ 61 நாள், ஒரு அறுப்புக்குத்தான் இடம். கயிற்றில் கொத்து கட்டுவது கைவேகம் கேட்கிற வேலை. நாள் முழுக்க டப்பாவில் மீன் அடுக்கிய கைக்கு அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

[திரையில்: பூனை]

ஏன் பூனை என்கிறீர்களா? இதுதான் இந்த வீடியோவில் எனக்குப் பிடித்த இடம். காய்ந்த பாசியிலிருந்து எடுப்பது கராஜீனன் என்கிற கெட்டிப்படுத்தும் பொருள். ஐஸ்கிரீம், சாக்லேட் பால், பற்பசை என்று பலவற்றில் இருக்கும். லேபிளில் ஈ407 என்று பார்த்திருப்பீர்கள். இது அதிகம் போகிற இன்னொரு இடம், டப்பாவில் அடைத்த பூனை உணவு. இறைச்சித் துண்டைச் சுற்றித் தளதளவென்று ஒரு ஜெல்லி இருக்குமே, அது உறைந்து நிற்பது பெரும்பாலும் இந்தப் பாசியின் தயவில்தான். ஆக, மத்தி டப்பா வேலை இல்லை என்று கடலுக்குப் போனவர் விளைவித்ததும் கடைசியில் டப்பாவுக்குள்தான் போகிறது. டப்பா விடாது போலிருக்கிறது!

இனி வில்லங்கம். எட்டு கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் நிற்கும், விலை பேசுவது அந்த ஒரு கிலோவுக்கு. ‘ஐஸ்-ஐஸ்’ என்று ஒரு நோய் உண்டு. தண்ணீர் சூடானாலோ, மழையில் உப்பு குறைந்தாலோ பாசி வெளுத்து, கிளை கிளையாக ஒடிந்து போகும். பாசி மேய்கிற மீன்கள் வேறு வரிசை கட்டி நிற்கும்.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். என்னை யோசிக்க வைத்தது நாற்று. பிப்ரவரியில் கம்பெனி திறந்ததும் ஆள் வேலைக்குப் போய்விடுவார். பாசிக்கு லீவு கிடையாது. அடுத்த நவம்பருக்கு நாற்று வேண்டுமென்றால் அது ஒன்பது மாசமும் கடலில் உயிரோடு இருக்க வேண்டும், யாராவது வெட்டி வெட்டித் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் வருஷா வருஷம் காசு கொடுத்து ஈரநாற்று வாங்கி, அது வாடுவதற்குள் ஓடி வந்து கட்ட வேண்டும். அதனால் நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் தனி ஆளிடம் கயிற்றைக் கொடுத்து ‘பிழைத்துக்கொள்’ என்பது சரிப்படாது என்பேன். கரையோரத்தில் அண்ணனோ மாமனாரோ வருஷம் முழுக்கப் பாசி போடுகிற குடும்பம் என்றால், இந்த மூன்று மாசம் கூடுதலாக நாலு கயிறு கட்டலாம். கரையே இல்லாதவருக்கு முப்பது நாளில் பறிக்கிற கீரைதான் என் ஓட்டு.

உங்கள் கையில் மூன்று மாசம் கிடைத்தால் என்ன போடுவீர்கள்? கமெண்டில் எழுதுங்கள். நெல் என்று எழுதுகிறவர்கள் வீடியோவை முதலிலிருந்து பார்க்கவும்.