12 மாசம் குடியிருந்தா 15 மாச வாடகை

எல்லாருக்கும் வணக்கம். விலைவாசி பத்தி பேசுங்க, அதுவும் இப்ப புதுசா வேலைக்கு சேர்ற பசங்க பொண்ணுங்க நிலைமைய வெச்சு பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. நான் பொருளாதார நிபுணர் எல்லாம் கிடையாது, சென்னையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்குறவன். சம்பள சிலிப்பும் வாடகை ரசீதும்தான் தினமும் கையில பொரளும், அதனால அதை வெச்சே பேசுறேன்.

முதல்ல ஒரு வேடிக்கைய சொல்லிடறேன். 2025 அக்டோபர்ல நம்ம நாட்டோட சில்லறை பணவீக்கம், அதாவது போன வருஷத்த விட கடை விலை ஏறின அளவு, எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? 0.25 சதவீதம். காய்கறி விலை இறங்குச்சு, செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி வேற குறைச்சாங்க, அதனால கணக்குப்படி விலைவாசி கிட்டத்தட்ட ஏறவே இல்ல. அந்தக் கணக்கு பொய்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அது ஏற்கனவே ஒரு வீட்ல செட்டில் ஆன குடும்பம் மாசாமாசம் என்ன வாங்குதுன்னு பாக்குற கணக்கு. ஊர்ல இருந்து ஒரு பேக்க மாட்டிக்கிட்டு வந்து கோயம்பேட்லயோ கிளாம்பாக்கத்துலயோ இறங்குற 22 வயசு பையன் குடுக்குற முதல் செலவு அதுல எங்கயும் வராது. அந்த செலவுக்கு பேரு வீட்டு அட்வான்ஸ்.

சம்பளத்த பாப்போம். ஐடி ஃப்ரெஷர்னா வருஷத்துக்கு மூணரை லட்சம் பேக்கேஜ்னு சொல்றாங்க. பத்து பன்னெண்டு வருஷம் முன்னாடி காலேஜ் முடிச்சவங்கள கேட்டுப் பாருங்க, அவங்களும் மூணு, மூணே கால்னுதான் சொல்வாங்க. இதுல கம்பெனி போடுற பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் பேக்கேஜ்க்குள்ளயே அடக்கம், அப்புறம் இவன் பங்கு பிஎஃப் 1,800 பிடிப்பாங்க, கடைசில கைக்கு வர்றது 24, 25 ஆயிரம். ஐடி இல்லாம கடையில, ஆஸ்பத்திரியில, சின்ன கம்பெனியில சேர்றவங்களுக்கு அதுவும் கிடையாது.

இப்ப வீடு. ஐடி கம்பெனிங்க வரிசையா இருக்கிற ஓஎம்ஆர் ரோடு பக்கம், துரைப்பாக்கமோ பெரும்பாக்கமோ, மாசம் 15,000 வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கிறாங்கன்னு வெச்சுக்குவோம். சென்னை வழக்கப்படி பத்து மாச அட்வான்ஸ், ஒன்றரை லட்சம். இப்ப அஞ்சு மாசம் ஆறு மாசம்னு இறங்கி வர்ற ஓனர்களும் இருக்காங்க, ஆனா பத்து இன்னும் சாகல. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, முதல் மாச வாடகை முன்கூட்டியே, ஆக 1,80,000. மூணு பேரா சேர்ந்து எடுத்தாலும் ஆளுக்கு 60,000, அதாவது இன்னும் வாங்கவே வாங்காத சம்பளத்துல ரெண்டரை மாசம். இதுல மெத்தை, அடுப்பு, பக்கெட், தண்ணி கேன் எதையும் நான் சேர்க்கல.

இந்தக் காசு எங்கிருந்து வருது? பெரும்பாலும் அம்மா கழுத்துல இருந்துதான். சங்கிலி பேங்குக்குப் போகும். வட்டி வருஷத்துக்கு 10 சதவீதம்னு வெச்சா ஒன்றரை லட்சத்துக்கு 15,000 ஆகுது. ஓனர் கையில இருக்கிற அட்வான்ஸுக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. அப்ப பாருங்க, வருஷத்துக்கு 12 மாச வாடகை குடுத்தோம்னு நம்ம நினைச்சுக்கிறோம், அந்த வட்டிய சேர்த்தா 13. காலி பண்ணும்போது பெயின்டிங்னு சொல்லி ஒரு மாச வாடகைய பிடிச்சுக்குவாங்க, 14. உள்ள வரும்போது புரோக்கருக்கு குடுத்தது ஒண்ணு, 15. ஒரே வருஷத்துல ஆபீஸ மாத்தி வீட்டையும் மாத்துறவன் 12 மாசம் குடியிருந்துட்டு 15 மாச வாடகை குடுத்துட்டுப் போறான். இந்த வயசுல வேலை மாறுறது சகஜம், மாறினாதான் சம்பளமே ஏறுது. ஆனா ஒவ்வொரு தடவை மாறும்போதும் இந்த மூணு மாசம் புதுசா விழும். சொந்த வீட்ல இருக்குறவங்களுக்கு, பத்து வருஷமா ஒரே வீட்ல வாடகைக்கு இருக்குறவங்களுக்கு இந்த வலி தெரியவே தெரியாது. அவங்கதான் "பசங்க பிரியாணி ஆர்டர் பண்ணியே காசை அழிக்கிறாங்க"ன்னு சொல்றது. மாசம் நாலு பிரியாணிய நிறுத்தினா ஆயிரம் ரூபா மிஞ்சும், சரி, அட்வான்ஸ் சேர பன்னெண்டரை வருஷம் ஆகும், அதுக்குள்ள வாடகை எங்க போயிருக்கும்னு சொல்லுங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு நிறைய பேருக்குத் தெரியல. 1960ல வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல, ஆச்சரியப்படாதீங்க, ஒரே ஒரு மாச வாடகைதான் அட்வான்ஸா வாங்கலாம்னு இருந்துச்சு. அது நடப்புல இருந்த காலத்துலதான் தெருவுல பத்து மாசம் வளர்ந்துச்சு! அப்புறம் 2017ல புதுச் சட்டம் போட்டாங்க, 2019 பிப்ரவரி 22ல இருந்து அமல். அதுல மூணு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு இருக்கு, ஆனா அதே வரியிலயே "ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கிட்டா தவிர"ன்னும் ஒரு ஓட்டை. ஒத்துக்கலன்னா சாவி யாரு தருவா? அதனால பசங்க பத்துக்கு கையெழுத்துப் போட்டுட்டு வர்றாங்க.

ஓனர்களையும் குறை மட்டும் சொல்லிட்டுப் போயிடக் கூடாது. பாதிப் பேர் ரிட்டயர் ஆனவங்க, மாடி போர்ஷன் வாடகையிலதான் மருந்து மாத்திரை ஓடுது. வாங்கின அட்வான்ஸ பேங்க்ல போட்டு பத்திரமா வெச்சிருக்க மாட்டாங்க, மாடி கட்டவோ பொண்ணு கல்யாணத்துக்கோ எப்பவோ செலவாயிருக்கும். புதுசா வர்ற ஆள் தர்ற காசதான் காலி பண்ணிட்டுப் போறவருக்கு எடுத்துக் குடுப்பாங்க. அதனால நாளைக்கே எல்லாரும் மூணு மாசத்துக்கு இறங்குங்கன்னா மீதி ஏழு மாசத்துக்கு அவங்க எங்க போவாங்கன்னு ஒரு கேள்வி இருக்கு. பையன் காலி பண்ணி மூணு மாசம் ஆகியும் அட்வான்ஸ் வராம போன் அடிச்சுக்கிட்டே இருக்குறதுக்கும் இதான் காரணம், எல்லா இடத்துலயும் ஏமாத்து வேலைன்னு சொல்ல முடியாது.

சரி, மத்த செலவு. கரண்ட்ட எடுத்துக்குங்க, 2025 நிலவரப்படி வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதுக்கு மேல 400 வரைக்கும் யூனிட்டுக்கு அஞ்சு ரூபாய்க்குள்ளதான். ஆனா ஒரே மீட்டர்ல நாலு போர்ஷன், இல்லன்னா ஓனர் வெச்ச சப்-மீட்டர், யூனிட்டுக்கு எட்டு ஒன்பதுன்னு வாங்குறாங்க, அந்த இலவசம் பேச்சிலர் ரூம் வரைக்கும் வந்து சேர்றதே இல்ல. கேஸும் அப்படித்தான். 2025 ஏப்ரல்ல 50 ரூபா ஏத்தினப்போ சென்னையில வீட்டு சிலிண்டர் 868 ரூபா 50 காசு ஆச்சு. அட்ரஸ் ப்ரூஃப் இல்லாத பசங்க வாங்குறது அஞ்சு கிலோ குட்டி சிலிண்டர், கிலோ கணக்குல பாத்தா அது வீட்டு சிலிண்டர விட ஜாஸ்தி. குறைஞ்ச சம்பளக்காரன் கூடுதல் ரேட் குடுக்குறான்.

செல்போன்லயும் இந்த 13 கணக்கு உண்டு, கவனிச்சீங்களா? 28 நாள் பிளான்னா வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். 2024 ஜூலைல தனியார் கம்பெனிங்க ஏத்தினப்போ ஜியோல 239 பிளான் 299 ஆச்சு, வருஷத்துக்கு 780 ரூபா கூட. சின்னக் காசுதான், ஆனா போன் இல்லாம இன்னிக்கு எந்த வேலையும் தேட முடியாது, ஓடிபி கூட வராது.

பொண்ணுங்களுக்கு கொஞ்சம் பரவால்ல. 2021ல இருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ல டிக்கெட்டுக்கு காசு இல்ல, தாம்பரம், கூடுவாஞ்சேரில எல்லாம் அரசோட தோழி விடுதி இருக்கு, அங்க பத்து மாச அட்வான்ஸ் பேச்சே கிடையாது. இந்த மாதிரி விடுதி ஏன் பசங்களுக்கும் இல்லன்னு நான் கேட்டா சிலர் சிரிக்கிறாங்க. "ஃபேமிலிக்கு மட்டும்"னு போர்டு தொங்குற தெருவுல நாலு நாள் அலைஞ்சு பாத்தா சிரிப்பு வராது. போர்டுல எழுதாம வாயால கேக்குற கேள்விகள், என்ன சாப்பிடுவீங்க, என்ன ஆளுங்கன்னு, அதை இன்னொரு நாள்தான் பேசணும்.

வீடு தேடிட்டு இருக்குறவங்களுக்கு என் தொழில்ல இருந்து ரெண்டு விஷயம். அட்வான்ஸ கையில ரொக்கமா குடுக்காதீங்க, பேங்க் வழியா அனுப்புங்க, ஒப்பந்தத்த 11 மாசம்னாலும் வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணச் சொல்லுங்க, புதுச் சட்டத்துல அது கட்டாயம். உள்ள போற அன்னிக்கே சுவர் சுவரா ஒரு வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பி வைங்க.

ஓனர்கள் யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா, மூணு மாசத்துக்கு உடனே இறங்க முடியலன்னா புரியுது, அடுத்து வர்ற ஆளுக்கு ஒண்ணோ ரெண்டோ குறைச்சு ஆரம்பிங்க. பெயின்டிங் காசு பிடிக்கிறதா இருந்தா பிடிங்க, ஆனா பெயின்ட் அடிச்ச பில்ல காட்டிட்டுப் பிடிங்க சார்.