சிக்ஸர் அடித்தால் வாழ்த்தா, ஆறுதலா?

வணக்கம் நண்பர்களே. ஆங்கில மரபுத்தொடர் என்றாலே நூறு தொடர், நூறு பொருள் என்று ஒரு பட்டியலை நீட்டி உருப்போடச் சொல்வார்கள். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. தொடர் எந்த இடத்தில் பிறந்ததோ அந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், பொருள் தானாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே இன்று நமக்குப் பழக்கமான கிரிக்கெட் மைதானத்துக்கே போவோம். ஆட்டம் தெரியும் என்பதால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. விழுவது என்னவோ மீதிப் பாதியில்தான்.

எப்படி என்று கேட்கிறீர்களா? லண்டனில் இருக்கும் நண்பர், "த நியூஸ் ஹிட் மீ ஃபார் சிக்ஸ்" என்று எழுதுகிறார். சிக்ஸர் என்றதும் நமக்கு விசில் அடிக்கத் தோன்றும். வாழ்த்து அனுப்பிவிடாதீர்கள்! அவர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தொடரில் பேசுகிறவர் மட்டையாளர் அல்ல. அடி வாங்கி எல்லைக்கு வெளியே போய் விழுந்த பந்து. கடுமையான காய்ச்சலில் படுத்து எழுந்தவரும் "இட் நாக்ட் மீ ஃபார் சிக்ஸ்" என்பார்.

அமெரிக்கர்களுக்கு பேஸ்பால். அவர்கள் "யூ நாக்ட் இட் அவுட் ஆஃப் த பார்க்" என்றால் அது முழுப் பாராட்டு: பிரமாதப்படுத்திவிட்டீர்கள் என்று பொருள். இங்கே நீங்கள் அடித்தவர். அதே வீச்சு, அதே தூரம், ஆனால் ஒன்றில் துக்கம், மற்றொன்றில் கொண்டாட்டம். 'ஹிட்', 'நாக்ட்' என்பதற்குப் பின்னால் 'மீ' வருகிறதா, 'இட்' வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். 'மீ' என்றால் ஆறுதல் சொல்லுங்கள். 'இட்' என்றால் நன்றி சொல்லுங்கள்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த 'ஸ்டிக்கி விக்கெட்'. இங்கே விக்கெட் என்றால் ஆடுகளம். இப்போது நாலு தூறல் விழுந்தாலே ஆடுகளத்தைப் போர்த்திவிடுகிறார்கள். முன்பு இங்கிலாந்தில் ஆடுகளம் மழையில் நனையும். பிறகு வெயில் வரும். நனைந்த மண் காயத் தொடங்கும் அந்த நேரம்தான் மட்டையாளருக்குச் சனி. ஒரு பந்து நெஞ்சுக்கு எகிறும், அடுத்தது திடீரென்று திரும்பும். 1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு நடந்தது இதுதான். டெஸ்டின் கடைசி நாளில் மழை கொட்டி மைதானமே குளமானது. பார்வையாளர்களும் உள்ளே இறங்கி ஊழியர்களோடு சேர்ந்து தண்ணீரை அப்புறப்படுத்தினார்கள். வெயில் வந்தது, இங்கிலாந்தின் சுழற்பந்து வீச்சாளர் டெரெக் அண்டர்வுட் வந்தார். 50 ரன்களுக்கு 7 விக்கெட். கடைசி விக்கெட் விழும்போது இங்கிலாந்து அணி முழுவதும் மட்டையைச் சுற்றி நின்றது. அந்தப் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். நடுவில் மாட்டிக்கொண்ட அந்த மட்டையாளரின் நிலைமைதான் 'ஆன் எ ஸ்டிக்கி விக்கெட்'. ஆதாரம் இல்லாமல் வாதாடும் வழக்கறிஞருக்கும் இது பொருந்தும். கொஞ்சம் பழைய வாடை அடிக்கும் தொடர்தான். ஆனாலும் பிரிட்டிஷ் செய்தித்தாள்களில் இன்னும் பார்க்கலாம்.

'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்' என்றால் யாரும் சொல்லாமல் தானாக முன்வந்து செய்தது. அவ்வளவுதான்.

'எ குட் இன்னிங்ஸ்' விஷயத்தில் எச்சரிக்கை தேவை. 92 வயதில் ஒருவர் காலமானால், "ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்" என்பார்கள். நம் ஊரில் கல்யாணச் சாவு என்பதைப்போல. இளம் வயது மரணத்துக்கு மறந்தும் சொல்லக்கூடாது. முதியவராகவே இருந்தாலும் முதலில் குடும்பத்தார் சொல்லட்டும், பிறகு நீங்கள் தலையாட்டலாம்.

கையில் இருக்கும் இந்தப் பந்தைப் பாருங்கள். லெக் ஸ்பின் போடுவதைப் போலவே கை வருகிறது. கடைசி நொடியில் மணிக்கட்டை இப்படி மடக்குகிறேன். புறங்கை மட்டையாளரைப் பார்க்கிறது. பந்து எதிர்ப்பக்கம் திரும்பும். இதுதான் கூக்ளி. 1900 வாக்கில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் பெர்னார்ட் போசன்கெட். நேர்முகத் தேர்வில் சாதாரணக் கேள்விபோல் வந்து காலை வாரிவிடும் கேள்விக்கும் இதே பெயர். ஆனால் அமெரிக்கரிடம் கூக்ளி என்றால் விழிப்பார். அவருக்கு 'கர்வ்பால்' என்று சொல்லுங்கள்.

ஐடி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு அமெரிக்க வாடிக்கையாளர் கூட்டங்களில் காதில் விழுவதெல்லாம் பேஸ்பால்தான். 'பால்பார்க் ஃபிகர்' கேட்டால் தோராயமான தொகை கொடுங்கள். பைசா வரை கணக்குப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். 'டச் பேஸ்' என்றால் சுருக்கமாகப் பேசிக்கொள்வோம். 'ஸ்டெப் அப் டு த பிளேட்' என்றால் பொறுப்பை ஏற்று இறங்குவது; சாப்பாட்டுத் தட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பேஸ்பாலில் மட்டையாளர் நிற்கும் இடத்தை ஒட்டித் தரையில் பதித்திருக்கும் தகட்டுக்குப் பெயர் 'பிளேட்'.

'ரெயின் செக்' ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மழையால் ஆட்டம் நின்றால் வேறொரு நாள் வந்து பார்க்கலாம் என்று மைதானத்தில் கொடுத்த சீட்டு அது. இரவு விருந்துக்கு அழைத்தவரிடம், "கேன் ஐ டேக் எ ரெயின் செக்?" என்றால் இன்று முடியாது, இன்னொரு நாள் வருகிறேன் என்று பொருள். உண்மையிலேயே போகும் எண்ணம் இருந்தால், எந்த நாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மரியாதையாகக் கழற்றிவிட்டீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த காணொளியில் கப்பல் மாலுமிகள் விட்டுப்போன தொடர்கள். வருகிறேன், வணக்கம்.