ஆடு வாய் வைக்காத செடி

வணக்கம் நேயர்களே. நித்தியகல்யாணி செடியைப் பாக்காதவங்க ரொம்பக் கம்மியாத்தான் இருப்பீங்க, சில பேர் சுடுகாட்டு மல்லின்னும் சொல்லுவாங்க. அஞ்சு இதழ், ரோஸ் இல்லேன்னா வெள்ளை, நடுவுல பொட்டு வச்ச மாதிரி ஒரு கண்ணு. யாரும் தண்ணி ஊத்தலேன்னாலும் செவுத்து இடுக்குல கூட பூத்துட்டு நிக்கும். ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா, சுத்தி இருக்கிற புல்லையெல்லாம் மேஞ்சிட்டுப் போற ஆடு இதுல மட்டும் வாய் வைக்காது. அப்படி ஒரு கசப்பு.

அந்தக் கசப்பைப் பத்திதான் பேச வந்திருக்கேன். வெப்ப மண்டலத்துல பூச்சி, புழு, பூஞ்சை எதுக்கும் லீவு கிடையாது, குளிர் வந்து கொல்லாது, வருஷம் பூரா தின்னுட்டே இருக்கும். செடியால எழுந்து ஓட முடியுமா, முடியாது, அதனால தன் உடம்புக்குள்ளயே விஷத்தைச் சமைச்சு வச்சுக்குது. ஆல்கலாய்டுன்னு சொல்றோமே, செடிங்க செய்யுற ஒரு வகை வேதிப்பொருள், அதுல நிறைய இப்படி வந்ததுதான். நீங்க குடிக்கிற காபியில இருக்கிற கஃபைன் கூட பூச்சிக்கு விஷம்தான். செடி நமக்காக மருந்து செய்யல, தன்னைக் காப்பாத்திக்கச் செஞ்சது. இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, திரும்பவும் சொல்லுவேன்.

இப்ப ஒரு கதை, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1921-ல கனடாவுல இன்சுலின் ஆராய்ச்சிக்கு பான்டிங்குங்கற டாக்டருக்கு ஒரு உதவியாள் வேணும், ரெண்டு மாணவங்க இருந்தாங்க, யார் முதல்ல போறதுன்னு காசு சுண்டிப் பாத்தாங்க. ஜெயிச்சவர் பெஸ்ட், அந்தப் பேரு இன்சுலினோட சேந்தே சரித்திரத்துல நின்னுடுச்சு. தோத்தவர் கிளார்க் நோபிள். முப்பது வருஷம் கழிச்சு, 1952-ல, அந்த கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவுல இருந்து ஒரு டாக்டர் தபால் அனுப்புறார், உள்ள நித்தியகல்யாணி இலை. அங்க ஜனங்க சர்க்கரை வியாதிக்கு இதைக் கொதிக்க வச்சுக் குடிக்கிறாங்க, என்னன்னு பாருங்கன்னு. இவர் அதைத் தன் தம்பி ராபர்ட் நோபிள்கிட்ட கொடுக்குறார், அவர் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்றவர்.

எலிக்கு வாய் வழியா கொடுத்துப் பாத்தாங்க, சர்க்கரை அசையல. சரி, ஊசியாப் போடுவோம்னு போட்டாங்க, அப்பவும் சர்க்கரை அசையல, ஆனா எலிங்க சில நாள்ல கிருமித் தொற்று வந்து செத்துப் போச்சு. இந்த இடத்துல முக்காவாசிப் பேர் குப்பையில போட்டுட்டு அடுத்த வேலையைப் பாத்திருப்பாங்க. இவங்க போடல. ஏன் செத்துச்சுன்னு ரத்தத்தை எடுத்துப் பாத்தா வெள்ளை அணு சரசரன்னு இறங்கியிருக்கு. வெள்ளை அணு கன்னாபின்னான்னு பெருகுறதுதானே ரத்தப் புற்றுநோய், அப்ப இதுல என்னமோ இருக்குன்னு பிடிச்சாங்க. சார்லஸ் பியர்ங்கற வேதியியலாளர் அந்தப் பொருளைத் தனியாப் பிரிச்சார், 1958-ல வெளியில சொன்னாங்க. அதுதான் வின்பிளாஸ்டின். அதே செடியில இருந்து அடுத்து வந்தது வின்கிரிஸ்டின், அமெரிக்காவுல 1963-ல அனுமதி கிடைச்சது. குழந்தைங்க ரத்தப் புற்றுநோய்க்கு மத்த மருந்துங்களோட சேத்து இன்னிக்கும் கொடுக்கிறாங்க. அதுக்கு முன்னாடி அந்த நோய் வந்தா அநேகமா முடிஞ்சதுதான், இன்னிக்கு நல்ல சிகிச்சை கிடைக்கிற இடங்கள்ல பத்துல ஒன்பது குழந்தைங்க பிழைக்குது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

எப்படி வேலை செய்யுதுன்னா, ஒரு செல் ரெண்டாப் பிரியும்போது உள்ள இருக்கிற குரோமோசோமை ரெண்டு பக்கமும் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இழுக்கணும், அந்தக் கயிறைத் திரிக்க விடாம இந்த மருந்து தடுத்துடும். கயிறு இல்லேன்னா செல் பிரிய முடியாது, செத்துடும். ஆனா நல்ல செல்லும் அதே கயிறைத்தான் நம்பியிருக்கு, அதனாலதான் முடி கொட்டுது, நரம்பு பாதிச்சு விரல் மரத்துப் போகுது. மறுபடியும் சொல்றேன், அது விஷம், அளவுல நிக்கிறதாலதான் மருந்து.

அதனால யாராவது இலையை அரைச்சுக் குடிக்கட்டுமான்னு கேட்டா எனக்குப் பதறும். இலையில அந்த மருந்து எவ்வளவு இருக்கு தெரியுமா, நூத்துக்கணக்கான கிலோ காஞ்ச இலையில இருந்து ஒரு கிராம் வின்கிரிஸ்டின் வந்தா பெருசு. ஏன் இவ்வளவு கம்மி? வின்பிளாஸ்டினும் சரி வின்கிரிஸ்டினும் சரி, ரெண்டு பொருள் ஒட்டி உருவாகுற மருந்து, ஒண்ணு இலைக்கு மேல மினுமினுன்னு இருக்கே அந்த மெழுகுப் பூச்சுல இருக்கு, இன்னொண்ணு இலைக்கு உள்ள செல்லுல இருக்கு, ரெண்டும் சந்திக்கிறதே அபூர்வம். நீங்க அரைக்கிற உருண்டையில நூத்துக்கும் மேல வேற ஆல்கலாய்டுங்க இருக்கு, எது எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. மருந்துக்கு பதிலா அதைக் குடிச்சிட்டு சிகிச்சையைத் தள்ளிப் போடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன். 2022-ல அந்த ரெண்டு பொருளையும் ஈஸ்ட்டுக்குள்ளயே செய்ய வச்சு, வெளியில எடுத்து ஒட்டி, வின்பிளாஸ்டின் ஆக்கியிருக்காங்க, அது பெரிய விஷயம்.

மணியைக் காட்டுறாங்க. மஞ்சளைப் பத்தி நிறைய சொல்ல இருந்தேன், சுருக்கமா சொல்லிடறேன். அதுல இருக்கிற குர்குமின் டெஸ்ட் டியூப்ல எதைக் கொடுத்தாலும் ஏதோ ஒண்ணு செய்யுற மாதிரி காட்டும், ஆனா வாய் வழியா சாப்பிட்டா ரத்தத்துக்கு ரொம்பக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். மிளகுல இருக்கிற பிப்பரின் அதைக் கூட்டுதுன்னு 1998-ல ஒரு ஆய்வு காட்டுச்சு. கூட்டும், சரி, ஆனா அதே பிப்பரின் நீங்க சாப்பிடற மத்த மாத்திரையோட அளவையும் ரத்தத்துல கூட்டலாம், அதனால மஞ்சள் மிளகு கேப்சூல் எடுக்கிறவங்க அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது அந்த டப்பாவையும் கையோட கொண்டு போங்க. மருந்து தர்ற கொய்னா மரமும் சர்ப்பகந்திச் செடியும் குறிப்புல அப்படியே இருக்கு, நேரம் ஆயிடுச்சு. வணக்கம்.