தீர விசாரிப்பதே மெய்

(யாழ்ப்பாணத்தில் எங்கள் சனசமூக நிலைய ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்து மங்கல விளக்கேற்றிய பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிற எங்கள் ஊர் உறவுகளே, பின்னுக்குச் சைக்கிளில் சாய்ந்து நிற்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

செயலாளர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. நாலரை என்றால் நாலரைக்கே வந்து, எங்கள் வாசிகசாலையின் பழைய பத்திரிகைக் கட்டுகளையும் பொறுமையாகப் பார்த்தார். அதிபர் அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் இருக்கிற கதிரைகள் அவருடைய பாடசாலைக் கதிரைகள். அந்தக் கதிரைகளைப் பற்றிப் பிறகு ஒரு கதை இருக்கிறது.

‘தப்பெண்ணங்களும் சமூகமும்’ என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். மூன்று விடயங்களைப் பேச நினைத்து வந்தேன். ஒன்று, பகுதியை, அதாவது சாதியை, வைத்து ஆளை அளக்கிற பழக்கம். இரண்டு, கணவனை இழந்த பெண்களை நாங்கள் நடத்துகிற விதம். மூன்று, மலையகத்திலிருந்து வந்து வடக்கில் வாழ்கிறவர்களைப் பற்றியும், 1990 ஒக்டோபரில் இங்கேயிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களைப் பற்றியும் எங்கள் வீட்டு விறாந்தைகளில் ஓடுகிற பேச்சு.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று என் அம்மா அடிக்கடி சொல்லுவா. எங்கள் ஊரில் விசாரிப்புக்குக் குறைவே இல்லை. புதிதாக ஒரு பெடியன் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி வர முதல் கேள்வி வந்துவிடும். ‘தம்பி எவடம்?’ என்பார்கள். ஊரைச் சொன்னால் ‘ஊரில் எந்தப் பக்கம்? கோயிலடியோ, சந்தியடியோ?’ அதற்கும் பதில் வந்தால் ‘அப்ப, அங்க ஆற்றை ஆக்கள்?’ அந்தப் பிள்ளை என்ன படித்தது, என்ன வேலை செய்கிறது என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பது என்று அதற்குள் முடிவாகியிருக்கும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு கோயில் தோட்டக் கிணற்றில் இருந்த நீர் இறைக்கும் மோட்டர் ஒரு நாள் காலையில் காணாமல் போய்விட்டது. குழாய் இருக்கிறது, வயர் இருக்கிறது, மோட்டரை மட்டும் காணவில்லை. ஆணிகள் ஒழுங்காகக் கழற்றப்பட்டிருந்தன. ‘தொழில் தெரிந்தவன்தான் எடுத்திருக்கிறான்’ என்றார் ஒருவர். அவ்வளவுதான். ரயில் பாதைக்கு அங்கால் ஒரு பெடியன் இருந்தான். மோட்டர் திருத்துவதில் கெட்டிக்காரன். ஊரில் பாதி வீட்டுக் கிணற்றடியில் அவன் கைபட்ட மோட்டர்தான் ஓடியது. பத்து மணிக்கு ‘அவனாக இருக்குமோ’ என்று தொடங்கியது. மத்தியானம் ‘அவன்தான்’ என்றாகிவிட்டது. பின்னேரம் பார்த்தால், இரவு சாக்கு மூட்டையோடு அவன் சைக்கிளில் போனதைக் கண்டதாக இரண்டு பேர் சாட்சிக்கே வந்துவிட்டார்கள்!

பொலிசில் முறைப்பாடு போனது. பெடியனை ஒரு முழுநாள் வைத்து விசாரித்தார்கள். அவனுடைய தாய் கோயில் வாசலில் நின்று அழுதா. அன்றைக்குத் திருவிழாக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை.

மூன்றாவது கிழமை சுன்னாகத்தில் ஒரு வைண்டிங் கடையிலிருந்து கோயிலுக்குத் தொலைபேசி அழைப்பு. ‘ஐயா, உங்கட மோட்டருக்குக் கொயில் கட்டி முடிஞ்சுது, எப்ப வந்து எடுக்கிறீங்கள்?’ நடந்தது இதுதான். நிர்வாகத்தில் ஒருவர், மோட்டர் சூடேறுகிறதென்று, விடியப்புறம் தானே கழற்றித் திருத்தக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கே மகளின் பிரசவத்துக்கென்று கொழும்புக்குப் போய்விட்டார். கடைத் துண்டு அவருடைய சட்டைப் பையில். அப்படியானால் சாக்கு மூட்டையைக் கண்ட அந்த இரண்டு பேரும் எதைக் கண்டார்கள்? தாங்கள் ஏற்கெனவே நம்பியதைக் கண்டார்கள். கண்ணால் காண்பதும் பொய் என்பது இதுதானே!

மோட்டர் திரும்பி வந்தது. மன்னிப்புக் கேட்க ஒருவரும் ரயில் பாதையைத் தாண்டிப் போகவில்லை. அந்தப் பெடியனுக்கு ஊரில் வேலை கொடுக்கிற ஆள் இல்லாமல் போனது. அவன் கிளிநொச்சிக்குப் போய்விட்டான். இன்றைக்கும் அவனுடைய பேச்சு வந்தால் ‘ஆர், அந்த மோட்டர்க் கேஸ்காரனோ?’ என்றுதான் கேட்கிறார்கள். ஒரு தொழிலாளியின் பெயரை ஊர் எடுத்துக்கொண்டது. அதைத் திருப்பிக் கொடுக்க எந்தப் பொலிசாலும் முடியாது.

இது பிள்ளைகளின் மனதில் என்ன செய்யும்? 1968 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தை வைத்துப் பிரித்தார். ஒரு நாள் ஒரு நிறத்துப் பிள்ளைகள் உயர்ந்தவர்கள் என்றார், பிறகு அதை மாற்றினார். தாழ்ந்தவர்கள் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் அன்றைக்கு வாசிப்பிலும் பின்தங்கினார்கள். அதே 1968 இல் இங்கே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிட விடுங்கள் என்று மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எலியட்டின் பிள்ளைகளுக்கு அது ஒரு நாள் பாடம். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அதுவே முழுப் பள்ளிக்காலம்.

இப்போது கதிரைக் கதை. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒரு பகுதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, இன்னொரு பகுதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்த காலம் இருந்தது. 1930 அளவில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டும் என்று உத்தரவு வந்தபோது சில பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். படிப்பைக் கும்பிடுகிற ஊர் என்று சொல்லிக்கொள்கிற நாங்கள், பக்கத்தில் இன்னொரு பிள்ளை இருக்கக்கூடாது என்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு நெருப்பு வைத்தோம். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. தேநீர்க் கடையிலோ கோயிலிலோ சாதி சொல்லி மறித்தால் குற்றம் என்றது. அதற்குப் பிறகும் 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. பொலிசாரின் தடியடியும் வாங்க வேண்டியிருந்தது.

கைம்பெண்கள் விடயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். யுத்தம் எத்தனை வீடுகளில் தாயை மட்டும் மிச்சம் விட்டதென்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தனியாக நின்று பிள்ளையை வளர்த்து, நகை செய்து, மண்டபத்துக்குக் காசு கட்டிய தாய், தாலி கட்டுகிற நேரம் சமையல் பக்கம் நிற்கிறா. மேடையில் சித்தப்பா முறையில் ஒருவர் நிற்கிறார். மாதர் சங்கம் இதைக் கையில் எடுக்க வேண்டும். மூன்றாவது விடயம் பெரிது. சோனகத் தெரு முஸ்லிம் மக்களை மேடைக்கு அழைத்து அவர்கள் வாயால் கேட்க வேண்டியது அது. அதற்குத் தனிக் கூட்டம் வைப்போம்.

இனி நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் இரண்டு வாசிகசாலைகள். ஒன்று ரோட்டுக்கு இங்கால், மற்றது அங்கால். இரண்டிலும் அதே பத்திரிகைகள். இரண்டிலும் மழைக்கு ஒழுகுகிறது. ஏன் இரண்டு என்று பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் வேறு கதைக்குப் போய்விடுகிறார்கள். 1933 இல் கே.எம். செல்லப்பா தன் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அதுதான் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. அது 1981 இல் எரிக்கப்பட்டபோது ரோட்டுக்கு இரண்டு பக்கமும்தானே அழுதோம்? புத்தகத்துக்காக ஒன்றாக அழுத ஊரால் ஒரு மேசையில் ஒன்றாக இருந்து வாசிக்க ஏன் முடியாது?

இரண்டையும் ஒன்றாக்குவோம். ஒரே கட்டடம், ஒரே அங்கத்தவர் பதிவேடு. அதில் முகவரி இருக்கட்டும், பகுதி கேட்கிற பத்தி இருக்கக்கூடாது. நிர்வாக சபையில் இரண்டு பக்கத்தாரும் இருக்க வேண்டும், தலைவர் பதவி ஆண்டுக்கு ஆண்டு மாற வேண்டும். பின்னேரம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை இலவச வகுப்பு நடத்துவோம். ஒரு வாங்கில் பக்கத்தில் இருந்து கணக்குச் செய்த பிள்ளைக்கு, மற்றப் பிள்ளையைப் பற்றி விறாந்தையில் சொல்கிற கதை ஏறாது. அந்தப் பிள்ளை விசாரித்து முடித்துவிட்டது. கனடா உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். கோபுரத்துக்குத் தந்தீர்கள், மகிழ்ச்சி. இனி ஒரு கூரைக்குத் தாருங்கள்.

விண்ணப்பப் படிவம் வாசலடி மேசையில் இருக்கிறது. பெயரோடு பிள்ளைகளின் வகுப்பையும் எழுதுங்கள், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வேண்டும் என்று பார்க்கலாம். இரண்டு நிர்வாகமும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு இதே மண்டபத்தில் கூடுகின்றன. வணக்கம்.