லிங்க்கில் பிங் போகிறது, அந்தப் பக்க நெட்வொர்க் மட்டும் கிடைக்கவில்லை, ஏன்?

அடுத்த கேள்வி ஒருவர் அனுப்பியது, கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கட்டடங்கள், நடுவில் ஒரு பாயிண்ட் டு பாயிண்ட் லிங்க். இடது பக்கம் 192.168.10.0, வலது பக்கம் 192.168.20.0, இரண்டும் /24, அதாவது முதல் மூன்று எண்கள் நெட்வொர்க்கைக் குறிப்பவை. லிங்க்குக்கு 10.0.0.0/30, அதாவது இரண்டு முனைக்கு மட்டும் முகவரி உள்ள சின்ன நெட்வொர்க், அதில் இடது ரூட்டர் 10.0.0.1, வலது ரூட்டர் 10.0.0.2. இடது ரூட்டருக்குள் போய் வலது பக்கச் சர்வரை, அதாவது 192.168.20.50ஐ, பிங் செய்தால் (எட்டுகிறதா என்று பார்க்க ஒரு சோதனைப் பாக்கெட் அனுப்பினால்) பதில் வருகிறது. இடது பக்கக் கம்ப்யூட்டரிலிருந்து அதே சர்வரை பிங் செய்தால் ஒன்றும் வரவில்லை. "இடது ரூட்டரில் ரூட் போட்டுவிட்டேன், லிங்க்கும் நன்றாக இருக்கிறது, ரூட்டரை மாற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்.

ரூட்டரை மாற்ற வேண்டாம். இடது பக்கம் ரூட், அதாவது எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்ற குறிப்பு, போட்டதைச் சொன்னீர்கள், வலது ரூட்டரில் என்ன போட்டீர்கள் என்று கேள்வியில் எங்கேயும் இல்லை. என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

ரூட்டரிலிருந்து பிங் செய்யும்போது நாம் தனியாக எதுவும் சொல்லாவிட்டால், அந்தப் பாக்கெட் வெளியே போகிற இன்டர்ஃபேஸின் (ரூட்டரின் இணைப்பு முனையின்) முகவரியோடு கிளம்பும். உங்கள் விஷயத்தில் அது 10.0.0.1. வலது ரூட்டருக்கு 10.0.0.0/30 நேரடியாக இணைந்திருக்கிற நெட்வொர்க், அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால் பதில் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. கம்ப்யூட்டரிலிருந்து போகிற பாக்கெட்டில் இருப்பதோ 192.168.10.25 மாதிரி ஒரு முகவரி. அது சர்வர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும், சர்வரும் பதில் அனுப்பிவிடும், அந்தப் பதில் வலது ரூட்டருக்கு வந்த பிறகுதான் சிக்கல், ஏனென்றால் 192.168.10.0 எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. டிஃபால்ட் ரூட் (வேறு வழி தெரியாத எல்லாவற்றுக்குமான வழி) இருந்தால் இன்டர்நெட் பக்கம் தள்ளிவிடும், இல்லையென்றால் அங்கேயே கொன்றுவிடும். போகிற வழியைப் பார்க்கிற பலர் வருகிற வழியைப் பார்ப்பதே இல்லை.

சரி, இதை எப்படி உறுதி செய்வது? இடது ரூட்டரிலேயே பிங் செய்யுங்கள், ஆனால் சோர்ஸ் முகவரியாக, அதாவது அனுப்புநர் முகவரியாக, அதன் லேன் (உள் நெட்வொர்க்) பக்க முகவரியை, 192.168.10.1 என்று வைத்துக்கொள்வோம், அதைக் கொடுங்கள். பெரும்பாலான ரூட்டர்களில் இதற்கு வழி இருக்கிறது. இப்போது பதில் நின்றுபோனால் திரும்பி வருகிற ரூட் இல்லை என்று பெரும்பாலும் முடிவாகிவிட்டது. வலது ரூட்டரில் 192.168.10.0/24க்கு நெக்ஸ்ட் ஹாப் (அடுத்துப் போக வேண்டிய ரூட்டர்) 10.0.0.1 என்று ஒரே ஒரு ரூட், அவ்வளவுதான். சோர்ஸ் கொடுத்தும் பதில் வருகிறது, கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் வரவில்லை என்றால் கோளாறு லிங்க்குக்கு இந்தப் பக்கம்: கம்ப்யூட்டரின் கேட்வே (வெளியே போக அது நம்பியிருக்கும் ரூட்டரின் முகவரி) தவறாக இருக்கலாம், ஃபயர்வால் தடுக்கலாம், ரூட்டர் ஒரு லினக்ஸ் பெட்டி என்றால் ஐபி ஃபார்வர்டிங் (பாக்கெட்டை அடுத்த பக்கம் கடத்திவிடும் வசதி) ஆன் ஆகாமல் இருக்கலாம்.

சர்வரின் கேட்வேயையும் சந்தேகப்படலாமே என்று தோன்றும். வேண்டாம். 10.0.0.1 என்பது சர்வருக்கு வெளி நெட்வொர்க் முகவரிதான், அந்த முகவரிக்குச் சர்வர் அனுப்பிய பதில் ஒழுங்காகப் போயிருக்கிறது என்றால் சர்வரின் கேட்வே சரியாக இருக்கிறது. வலது ரூட்டர் நாட் (பாக்கெட்டின் முகவரியை மாற்றி அனுப்புவது) செய்துகொண்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

நாட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் "இடது ரூட்டரில் மாஸ்கரேட் போடு, வேலை செய்யும்" என்று யாராவது சொல்வார்கள். மாஸ்கரேட் என்பது போகிற பாக்கெட்டுகளுக்கு ரூட்டர் தன் முகவரியையே போடுகிற நாட். வேலை செய்யும்தான், எல்லாப் பாக்கெட்டும் 10.0.0.1 என்ற பெயரில் போகுமே! ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் இந்தப் பக்கம் நுழைய முடியாது, சர்வர் லாக்கில் எல்லோரும் ஒரே முகவரியாகத் தெரிவார்கள். ஒரு வரி ரூட்டுக்குச் சோம்பல்பட்டு இதைச் செய்வது எனக்குப் பிடிக்காது.

கேள்வியின் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார், இரண்டு பக்கமும் டிஃபால்ட் ரூட்டையே லிங்க் மேல் போட்டுவிட்டால் என்ன என்று. தயவுசெய்து வேண்டாம். இரண்டு பக்கமும் இல்லாத ஒரு முகவரிக்கு, 172.16.5.5 மாதிரி, யாராவது ஒரு பாக்கெட் அனுப்பினால் இடது வலதுக்குத் தள்ளும், வலது இடதுக்கே திருப்பித் தள்ளும், டிடிஎல் (ஒரு பாக்கெட் இத்தனை ரூட்டர்தான் தாண்டலாம் என்ற எண்ணிக்கை) தீரும் வரை இதே விளையாட்டு. போகிற வழியிலுள்ள ரூட்டர்களைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டால் 10.0.0.2, 10.0.0.1, மறுபடி 10.0.0.2 என்று மாறி மாறி வரும். அப்படி ஒரு பட்டியலைப் பார்த்தாலே ரூட்டிங் லூப் என்று புரிந்துகொள்ளலாம். டிஃபால்ட் ரூட்டை இன்டர்நெட் இருக்கிற திசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுடையது ஒயர்லெஸ் ரேடியோ லிங்க் என்றால், பெயர்தான் பாயிண்ட் டு பாயிண்ட், ரூட்டரைப் பொறுத்தவரை அது சாதாரண ஈதர்நெட். அதனால் ரூட்டில் இன்டர்ஃபேஸ் பெயரை மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். போட்டால் அந்தப் பக்கம் இருக்கிற ஒவ்வொரு முகவரிக்கும் ரூட்டர் ஏஆர்பி (இந்த ஐபி முகவரி யாருடையது என்ற கேள்வி) கேட்டுக்கொண்டிருக்கும், எதிர் ரூட்டரில் ப்ராக்ஸி ஏஆர்பி (மற்றவர்களுக்காக ரூட்டரே பதில் சொல்வது) இல்லையென்றால் பதிலே வராது. பிபிபி (இரண்டே முனைகளுக்கான நெறிமுறை) ஓடுகிற சீரியல் லிங்க்கில் இந்தத் தொல்லை இல்லை. நெக்ஸ்ட் ஹாப் முகவரியைக் கொடுத்துவிட்டால் இரண்டு இடத்திலும் சரியாக வரும்.

அப்புறம், ரூட் சேர்த்த பிறகு பிங் போகிறது, ஆனால் ஃபைல் காப்பி பாதியில் தொங்குகிறது என்றால் பெரும்பாலும் அது ரூட்டிங் இல்லை, எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. பிரிக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள், தலைப்புகள் 28 சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் சின்னது மட்டும் போனால் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து எங்கே போகத் தொடங்குகிறது என்று பாருங்கள். நடுவில் ஜிஆர்ஈ டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் வழி) இருந்தால் 24 பைட் அதற்கே போய்விடும், 1476தான் மிச்சம். பின்னாளில் ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தாங்களே வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை) ஓட்டப் போகிறீர்கள் என்றால் இரண்டு முனையிலும் எம்டியு ஒரே எண்ணாக இருக்கட்டும், இல்லையென்றால் நெய்பர் (எதிர் ரூட்டருடனான உறவு) எக்ஸ்ஸ்டார்ட் என்ற தொடக்க நிலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும்.